இஞ்சின் மாற்றிய பிறகு பிரேக் பெடல் கல்லாகிப்போன அனுபவங்கள்

கோவை_கான்டெஸ்ஸா:
இசுசு 1.8 இஞ்சினை இறக்கிவிட்டு டொயோட்டாவின் 1ஜேஇசட் டர்போ இஞ்சின் ஏற்றிய கான்டெஸ்ஸா, உள்ளே 272 டிகிரி கேம் (வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் பெரிய கேம்ஷாஃப்ட்). ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. டோல்கேட் வரிசையில் ஊர்ந்து போகும்போது முதல் மிதி நன்றாகப் பிடித்தது, அடுத்தது பாதி, மூன்றாவதுக்குப் பெடல் இறங்கவே இல்லை. முன்னால் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல், பின் சீட்டில் ஒரு அம்மா மடியில் குழந்தையோடு. இரண்டு காலையும் வைத்து அழுத்தி, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துத்தான் நிறுத்தினேன், இடையில் ஒரு ஜாண் இருந்திருக்கும். அந்தக் குழந்தை திரும்பி என் பானட்டையே பார்த்தது, அதுதான் இன்னும் தூங்க விடவில்லை. பேட், ஆயில் எல்லாம் புதுசு. பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டர் இஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வேக்குவத்தில்தான் (உறிஞ்சும் விசை) வேலை செய்கிறது. கேஜ் மாட்டினால் ஐடிலில் 9 இன்ச் (பாதரச அளவில்) வேக்குவம்தான் காட்டுகிறது. கேம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

மலைப்பாதை:
கேம் மேல் பழி போடாதீர்கள். அதே மாதிரி கேம் போட்ட வண்டியில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கியிருக்கிறேன், பிரேக் அருமையாகப் பிடித்தது. அடிவாரத்து டீக்கடையில் ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் பெடல் கெட்டியாகி, பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். உங்களுக்குப் பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் டயப்ரம் கிழிந்திருக்கும்.

டீசல்_ஜீப்:
பெட்ரோல் ஜீப்பில் டீசல் இஞ்சின் ஏற்றியவன் நான். டீசலில் மேனிஃபோல்டு வேக்குவம் கிடையாது, ஆல்டர்னேட்டர் பின்னால் இருக்கும் வேக்குவம் பம்ப்தான் எல்லாம். திம்பம் இறக்கத்தில் பெல்ட் அறுந்தது, சார்ஜும் போச்சு, பிரேக் பூஸ்டரும் போச்சு. முதல் கியரில் போட்டு, எழுந்து நின்று மிதித்துதான் ஓரங்கட்டினேன்.

மலைப்பாதை அண்ணே, உங்கள் டீக்கடைக் கதையே அவர் சொல்வதற்குச் சாட்சி. கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் த்ராட்டில் மூடியபடி இஞ்சின் வேகமாகச் சுற்றும், அப்போது எந்தக் கேமிலும் வேக்குவம் ஏறும். இன்லெட் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கிற நேரம் பெரிய கேமில் அதிகம், அதனால் ஐடிலில் வேக்குவம் விழுந்துவிடும். சாதாரண இஞ்சினில் ஐடிலில் 17 முதல் 20 இன்ச் வரை இருக்கும், பூஸ்டருக்கு 16-க்குக் குறைந்தாலே கால் வலிக்க ஆரம்பித்துவிடும்.

கோவைக்காரரே, டயப்ரம் சந்தேகத்தையும் தீர்த்துவிடுங்கள். இஞ்சினை அணைத்துப் பெடலை நாலைந்து தடவை மிதித்துக் காலி செய்துவிட்டு, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் கீழே போனால் பூஸ்டர் வேலை செய்கிறது. டர்போ வண்டி என்பதால் பூஸ்டருக்குப் போகும் ஓஸில் உள்ள ஒருவழி வால்வையும் ஊதிப் பாருங்கள், அது லீக் ஆனால் டர்போ தள்ளும் அழுத்தக் காற்று பூஸ்டருக்குள் புகுந்துவிடும். தனி வேக்குவம் டேங்க் போதும் என்பார்கள். அது ஓட்டத்தில் கிடைத்ததைச் சேர்த்து வைத்து ஓரிரு மிதி கூடுதலாகத் தரும், அவ்வளவுதான், டோல்கேட் வரிசைக்குக் காணாது. பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைச் சின்ன போராக (உள்விட்டம்) மாற்றினால் காலுக்கு லேசாக இருக்கும், ஆனால் பெடல் ரொம்பக் கீழே போகும். வேக்குவம் குறைந்தால் தானாக ஓட வைக்கும் சுவிட்சோடு எலக்ட்ரிக் வேக்குவம் பம்ப் போடுங்கள். இல்லையென்றால் வேக்குவத்துக்குப் பதில் பவர் ஸ்டீயரிங் பம்பின் ஆயில் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோபூஸ்ட்.

கோவை_கான்டெஸ்ஸா:
பெடல் இறங்கியது, டயப்ரம் கிழியவில்லை. எலக்ட்ரிக் பம்ப் மாட்டியாயிற்று, இப்போது எத்தனை முறை மிதித்தாலும் ஒரே மாதிரி பிடிக்கிறது. ஃபயர்வாலில் (இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) மாட்டியதால் சத்தம் உள்ளே வருகிறது. வேறு எங்கே மாட்டியிருக்கிறீர்கள்?