'செவன்' திரையிடல்: இருட்டுக் காட்சிகள் அப்பிக்கொள்கின்றன, உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். சனிக்கிழமை குழுத் திரையிடலுக்கு டேவிட் ஃபின்ச்சரின் 'செவன்' (1995). சோதனை ஓட்டத்தில், துப்பறிவாளர்கள் டார்ச்சோடு முதல் கொலை நடந்த வீட்டுக்குள் போகும்போது ஒளிக்கற்றை மட்டும்தான் தெரிகிறது. சுவரும் சாமான்களும் ஒரே கறுப்பு.

படமே இருட்டானதுதான். டேரியஸ் கோண்ட்ஜியின் ஒளிப்பதிவு. சில திரையரங்குப் பிரதிகளில் பிலிமைக் கழுவும்போது அதிலுள்ள வெள்ளி உலோகத்தை நீக்காமல் விட்டே கறுப்பை ஆழமாக்கினார்கள். ஆனாலும் அந்தக் கறுப்புக்குள் பொருட்கள் மங்கலாகத் தெரிந்தாக வேண்டும். கொலையாளியின் வீட்டுக் காட்சிக்கு உயிரே அதுதான்.

முதல் கோளாறு பிடிபட்டது. ப்ளூ-ரே பிளேயர் வெளிச்ச அளவை 0–255 என்று (0தான் முழுக் கறுப்பு) அனுப்ப, புரொஜெக்டர் 16–235 என்று (16தான் முழுக் கறுப்பு) எதிர்பார்த்தது. அதனால் 16க்குக் கீழே வந்ததெல்லாம் கறுப்பாகிவிட்டது. இரண்டையும் 16–235க்கு மாற்றியதும் பாதி சரியானது. பிரைட்னஸைக் கூட்டினால் கறுப்பு சாம்பலாகி, மழைக் காட்சிகள் வெளுக்கின்றன, அது வேண்டவே வேண்டாம்.

காமா (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடைப்பட்ட சாயல்கள் எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பு) 2.4ல் இருக்கிறது. 2.2க்கு இறக்கலாமா? அறைச் சுவர் வெள்ளை, ஒளி அதில் பட்டுத் திரைக்கே திரும்புகிறது. திரையைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டினால் போதுமா, சாம்பல் திரைதான் வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.