சதுப்பு நிலப் பறவைப் படங்கள்: வெண்மை வெளிறுவதும் கூர்மை குன்றுவதும்

நாணல்கரை கேட்கிறார்:
நண்பர்களுக்கு வணக்கம். நான் விரும்பிச் செல்லும் சதுப்பு நிலத்தில் கொக்கு, நீர்க்காகம், நெடுங்கால் உள்ளான், முக்குளிப்பான் ஆகியவற்றைத் தொடர்ந்து படமெடுத்து வருகிறேன். என்னிடம் 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் உள்ளது. கருத்த நீர்ப்பரப்பில் நிற்கும் வெள்ளைக் கொக்கை எடுத்தால், இறகின் வரிகள் எதுவும் பதியாமல் உடல் முழுவதும் வெறும் வெண்திட்டாகிவிடுகிறது. முற்பகலில் சேற்றுத் திட்டுக்கு அப்பால் நிற்கும் பறவைகளோ, முக்காலியில் வைத்து 1/2000 நொடியில் எடுத்தாலும் கூர்மையாக வருவதில்லை. லென்ஸை மாற்றித்தான் ஆக வேண்டுமா? மேலும், கரையோரத்தில் உள்ளான்கள் முட்டையிடத் தொடங்கியிருக்கின்றன. எவ்வளவு தொலைவிலிருந்து அவற்றைப் படமெடுக்கலாம்?

நீர்க்கோழி:
முதல் சிக்கலுக்குக் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் ஒளியளவியே காரணம். சட்டகத்தின் பெரும்பகுதி கருத்த நீராக இருக்கும்போது, கேமரா மொத்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயன்று வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. அதில் பலியாவது கொக்கின் வெண்மை. எக்ஸ்போஷர் அளவை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, 1 முதல் 1⅔ ஸ்டாப் வரை குறைத்துப் பாருங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). ஆனால் வெயில் சீராக இருக்கும் நாளில் நான் பரிந்துரைப்பது எல்லா அளவுகளையும் நாமே அமைக்கும் முழு மேனுவல் முறையையே. பறவையின் மீது விழும் ஒளி மாறாதவரை, பின்னணி நீரோ நாணலோ வானமோ எதுவாயினும் அமைப்பை மாற்றத் தேவையில்லை. ஒளியுணர்திறனைக் கேமராவே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைத்துவிட்டு, வெள்ளை இறகு ஹிஸ்டோகிராமின் (படத்தின் இருள், வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தின்) வலது விளிம்பைத் தொடாமல் சற்று முன்னதாக நிற்கும்படி அமைத்துக்கொண்டால், கொக்கு எழுந்து வானத்துக்குப் போகும்போதும் அதே அளவு பொருந்தும். நீர்க்காகத்துக்கு மட்டும் சுமார் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டியிருக்கும். ரா கோப்பாகவே (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) பதிவு செய்யுங்கள்.

கோரைப்புல்:
லென்ஸை மாற்றாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் குறை காற்றில்தான் இருக்க வேண்டும். வெயில் ஏறியதும் சேறு சூடாகி, அதன் மேலுள்ள காற்று வெவ்வேறு அடர்த்தியுடன் அலைபாய்வதால், அதனூடே வரும் ஒளி வளைந்து நெளிந்து வந்து சேர்கிறது. இந்தக் கானலை எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் வெல்ல முடியாது. ஐயமிருந்தால், அசையாமல் நிற்கும் ஒரு பறவையைத் தொடர்ச்சியாக இருபது சட்டகங்கள் எடுத்து ஒப்பிடுங்கள்: ஒன்றில் அலகு தெளிவாகவும் கால் கலங்கியும், அடுத்ததில் நேர்மாறாகவும் இருந்தால் அது கானலேதான். அதே லென்ஸில் பத்து மீட்டர் தொலைவிலுள்ள ஒரு மரக்கட்டை கூர்மையாக வந்துவிட்டால் லென்ஸின் மீது பழியில்லை.

இங்கே ஒரு முரண்பாடு உண்டு. பறவையின் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து எடுப்பது நல்ல பழக்கம் என்று எல்லோரும் சொல்கிறோம். அது அருகிலுள்ள பறவைக்கே பொருந்தும். தொலைவிலுள்ள பறவையைத் தரையோடு தரையாகப் படுத்து எடுத்தால், நம் பார்வைக்கோடு சூடான காற்றடுக்கின் வழியாகவே முழுத் தொலைவும் பயணம் செய்கிறது. ஆகவே விடியற்காலையில் ஓரிடத்தில் அமர்ந்து, பறவைகள் உங்களை நோக்கி வர விடுவதே சிறந்த வழி. இடத்தைத் தேர்வதற்குக் காற்றைக் கவனியுங்கள். பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும், எதிர்த்தே இறங்கும். எனவே காற்றும் கதிரவனும் உங்கள் முதுகுப்புறம் இருந்தால், அவை முகம் காட்டியபடி, ஒளி முழுதும் பட, உங்கள் பக்கமே வந்திறங்கும்.

வயல்வரப்பு:
முட்டையிடும் உள்ளான்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இத்தனை மீட்டர் என்று ஒரு கணக்கு கிடையாது, பறவையின் நடத்தையே அளவு. அடைகாக்கும் பறவை கழுத்தை நீட்டி உங்களையே உற்றுப் பார்க்கத் தொடங்கினால் அங்கேயே நில்லுங்கள். முட்டையை விட்டு எழுந்துவிட்டால் நீங்கள் ஏற்கெனவே மிக அருகில் வந்துவிட்டீர்கள். தலைக்கு மேல் கத்திக்கொண்டு வட்டமிடுவதும், காயம்பட்டதுபோல் சிறகை இழுத்துக்கொண்டு நடிப்பதும் அருமையான காட்சிகளாகத் தோன்றலாம், ஆனால் அந்தப் படங்களை எடுக்கவே கூடாது. நெடுங்கால் உள்ளானின் முட்டைகள் பெரும்பாலும் திறந்த வெளியில், சேற்றின் நிறத்திலேயே கிடக்கின்றன. கடும் வெயிலில் தாய்தந்தையர் வயிற்று இறகுகளை நீரில் நனைத்துவந்து அவற்றைக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் அங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த வேலை தடைபடுகிறது. பறவை எழுந்து போன இடத்தைக் காகங்கள் கவனித்துக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். முக்குளிப்பானும் கூட்டை விட்டு நீங்கும்போது நீர்ச்செடிகளால் முட்டைகளை மூடிவிட்டுத்தான் செல்லும். திடீரென்று நெருங்கினால் அதற்கு அவகாசமிருக்காது.

ஆகவே குஞ்சு பொரியும்வரை அந்தக் கரையை விட்டுவிட்டு எதிர்க்கரையில் அமருங்கள். உள்ளான் குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்திலேயே நடந்து இரைதேடத் தொடங்கிவிடும்; பெற்றோருடன் ஆழமற்ற நீரோரத்துக்கு அவை தாமாக வரும்போது எடுத்துக்கொள்ளலாம். அதுவரை கூட்டின் இருப்பிடத்தைப் பொதுவில் பகிர வேண்டாம். படக்கோப்பில் பதிந்திருக்கும் இடக்குறிப்பையும் நீக்கிவிட்டே வெளியிடுங்கள்.