வடிநேரம்: டிரைவ் பெட்டியைத் திறக்குமுன் காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

நம் குழு தமிழில் எழுதிவரும், வீட்டுப் பட்டறைக்காரர்களுக்கான மோட்டார் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) வயரிங் குறிப்பில் இன்னும் சில சொற்களை முடிவு செய்வதுதான் பாக்கி. அவற்றில் ஒன்று உயிர் சம்பந்தப்பட்டது. அதனால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கருவியின் பெயர். 'மாறு அதிர்வெண் இயக்கி' என்று குழுவில் அண்ணன் ஒருவர் முன்மொழிந்தது பொருளளவில் சரி. தலைப்பில் ஒருமுறை போட்டுவிடலாம். சிங்கப்பூரின் தொழிற்பேட்டைகளான துவாஸ், சுங்கை காடுட் பக்கம் வேலை செய்யும் பலரும் இதை 'இன்வெர்ட்டர்' என்கிறார்கள். ஆனால் ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்கு இன்வெர்ட்டர் என்றால் கரண்ட் போனால் ஃபேன் ஓட்டும் பேட்டரிப் பெட்டி. ஆகவே குறிப்பு முழுக்க 'டிரைவ்' என்றே இருக்கட்டும். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

பிடிவாதம் இருப்பது அடுத்ததில். டிரைவ், வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை முதலில் நேர்த்திசையாக்கி (டிசி) மின்தேக்கிகளில் (கெப்பாசிட்டர்) தேக்குகிறது. அங்கே அழுத்தம் ஏறத்தாழ 325 வோல்ட். அப்புறம்தான் அதை வெட்டிவெட்டி, வேண்டிய அதிர்வெண்ணில் மும்முனை மின்சாரமாக மோட்டாருக்கு அனுப்புகிறது. பிளக்கைப் பிடுங்கினாலும் மின்தேக்கியில் தேங்கியது உடனே போகாது. பல டிரைவுகளில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருக்கும். திரை அணைந்த பிறகும் அது எரிந்துகொண்டே இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். முனையங்களைத் தொடுவதற்கு முன் 5 நிமிடம், 10 நிமிடம், 15 நிமிடம் என்று ஒவ்வொரு கையேடும் ஒரு நேரம் சொல்லும். அந்த நேரத்துக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

பாடநூல் வழியில் 'மின்னிறக்க நேரம்' என்று தம்பி எழுதியிருந்தார். இலக்கணம், மரபு இரண்டிலும் குறை இல்லை. ஆனால் பட்டறையில் யாரும் முழுச் சொல்லையும் சொல்லமாட்டார்கள், 'இறக்க நேரம்' என்று சுருங்கிவிடும். டிரைவின் அமைப்புப் பட்டியலிலோ மோட்டார் ஓட்டத்திலிருந்து நிற்க எடுக்கும் நேரம் என்று ஒன்று இருக்கிறது. அதை நாம் ஏற்கெனவே 'வேக இறக்க நேரம்' என்று முடிவு செய்துவிட்டோம். அதுவும் 'இறக்க நேரம்' என்றே சுருங்கும். ஒன்று நொடிக் கணக்கு, மற்றது நிமிடக் கணக்கு. 'இறக்க நேரம் 5' என்று ஒருவர் சொல்ல, 5 நொடி எண்ணிவிட்டு மற்றவர் மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? (வேக இறக்க நேரத்திலும் ஆபத்து உண்டு. வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கு மரையில் திருகி மாட்டப்பட்டிருக்கும் பழைய லேத்தில் அதை மிகவும் குறைத்து வைத்தால், திடீர் நிறுத்தத்தில் சக்கு கழன்று வரும்.)

என் முன்மொழிவு 'வடிநேரம்'. வெள்ளம் வடியும்வரை தெருவில் இறங்காதே என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். வடிதல் என்றாலே மெதுவாக, தானாக, நாம் காத்திருக்க நடப்பது என்ற பொருள் கூடவே வருகிறது. சுடுநீர், ஊறுகாய் போல வினைத்தொகை, ஒற்று மிகாது. வடிகால் என்ற சொல்லும் துணைக்கு நிற்கிறது.

'காத்திருப்பு நேரம்' என்றாலே போதாதா என்று அக்கா கேட்டிருந்தார். அக்கா, அது எதற்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்லவில்லை. காரணம் தெரியாத காத்திருப்பை அவசரக்காரர் முதலில் வெட்டுவார். வடிநேரத்தை வினையாகவும் பேசலாம். வேலை தொடங்குமுன் நடக்கும் காலைப் பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங்கில் 'வடிஞ்சிடுச்சா, அளந்தியா?' என்று வாய்விட்டுக் கேட்க முடிகிற சொல் அது. அளப்பதும் முக்கியம்தான். விளக்கு பழுதாகியும் அணைந்திருக்கலாம். மல்டிமீட்டரை நேர்த்திசை வோல்ட்டில் வைத்து, நேர் முனையத்துக்கும் எதிர் முனையத்துக்கும் இடையே அளந்து, கையேடு சொல்லும் அளவுக்குக் கீழே இறங்கியதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. 'நிறுத்து', 'துண்டி' இரண்டையும் குறிப்பில் எங்குமே கலக்கக் கூடாது. டிரைவின் சிவப்புப் பொத்தான் மோட்டாரை நிறுத்தும், மின்சாரத்தைத் துண்டிக்காது. இது எங்கே கடிக்கும் என்றால், மோட்டாரின் முனையப் பெட்டியில். 230/400 என்று தகட்டில் இருக்கும் மோட்டாரை, வீட்டு ஒருமுனை மின்சாரத்தில் இயங்கும் டிரைவில் ஓட்ட, உள்ளே இருக்கும் மூன்று பித்தளைப் பட்டைகளை நட்சத்திர இணைப்பிலிருந்து முக்கோண இணைப்புக்கு மாற்ற வேண்டும். நட்சத்திரத்தில் பட்டைகள் ஒரே வரிசையில் மூன்று திருகுகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும். முக்கோணத்தில் ஒவ்வொன்றும் மேலும் கீழுமாக ஒரு சோடியை இணைக்கும். ஓட்டிப் பார்த்து, இழுவை போதவில்லை என்று பொத்தானை அழுத்திவிட்டு நேரே அந்தத் திருகில் ஸ்பேனரை வைக்கத் தோன்றும். அந்த இடத்தில் நம் குறிப்பு 'மோட்டாரை நிறுத்திவிட்டு' என்று சொல்லவே கூடாது. 'மின்சாரத்தைத் துண்டித்து, வடிநேரம் முடிந்து, அளந்தபின்' என்று முழுசாகச் சொல்ல வேண்டும்.

பிளக் பற்றிய பத்தியில் ஒரு திருத்தம். ஒன்றரை கிலோவாட் டிரைவ், ஒருமுனை மின்சாரத்தில் 13 ஆம்பியரைத் தாண்டி இழுக்கக் கூடியது. ஆகவே நம் வீட்டுச் சாதாரண மூன்று முள் பிளக் போதும் என்ற வரியை எடுத்துவிடலாம். முக்கால் கிலோவாட்டுக்கு அது சரி. பெரியதற்குத் தனி இணைப்பு வேண்டும். அந்த வேலை உரிமம் பெற்ற மின்பணியாளருடையது, நம்முடையது அல்ல.

கடைசியாக, ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் இணைப்பைத் தானே துண்டிக்கும் காப்பு ஸ்விட்ச். 2025 ஜூலை 1க்குள் சிங்கப்பூரில் எல்லா வீடுகளிலும் அது இருந்தாக வேண்டும் என்று விதி வந்தது, ஆகவே படிப்பவர் எல்லோருக்கும் அந்தப் பெட்டி தெரியும். டிரைவில் உள்ள மின் இரைச்சல் வடிகட்டி கொஞ்சம் மின்சாரத்தை எர்த்துக்குக் கசியவிடும். அதனால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சும்மாவே விழலாம் (ட்ரிப் ஆகலாம்). அப்படி விழுந்தால் எர்த் வயரைக் கழற்றக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். பெயர்தான் சிக்கல். 'கசிவுமின் துண்டிப்பான்' என்று வைத்தால், கையால் திருப்பும் துண்டிப்பானோடு குழம்புமா? 'கசிவுக் காப்பான்' என்று ஒன்று தோன்றுகிறது. வீட்டு வயரிங் வேலையில் இருக்கும் அண்ணன்கள் சொல்லுங்கள், அதன்படி மாற்றிவிடுகிறேன்.