கேதார்கந்தா, சந்திரசிலா: பனிச்சரிவில் மறக்க முடியாமல் நின்றுவிட்டவை

பதிவு 1
ஜனவரியில் உத்தராகண்டின் கேதார்கந்தா மலை ஏறியவர்களுக்கு அடிவார ஊரான சாங்க்ரியையும் வழியிலுள்ள ஜூடா கா தாலாப் ஏரியையும் விளக்க வேண்டியதில்லை என்பதால் நேரே கடைசி ஏற்றத்துக்கு வருகிறேன். உச்சி 12,500 அடி. விடியலுக்கு முன், முன்னே போனவர்களின் காலடிக் குழிகளிலேயே கால் வைத்து வரிசையாக ஏறிக்கொண்டிருந்தோம். மேலே யாரோ தடுமாறினார். அடுத்த கணம் அவர் உட்கார்ந்த நிலையில், சத்தமே போடாமல், எனக்கு ஒரு கை தொலைவில் சறுக்கிக்கொண்டு போனார். அவருடைய தலைவிளக்கின் வெளிச்சம் என் காலணிகளைத் தொட்டுக் கடந்தது. கீழே மென்பனி குவிந்த இடத்தில் இடுப்புவரை புதைந்து நின்றுவிட்டார், காயம் எதுவுமில்லை. கை நீட்டியிருந்தால் நானும் கூடவே போயிருப்பேன் என்று வழிகாட்டி சொன்னார். இருக்கலாம். ஆனால் அதையெல்லாம் யோசித்து நான் கையை மடக்கிக்கொள்ளவில்லை. கை நீளவேயில்லை, அதுதான் உறுத்துகிறது.

பதில் 2
வழிகாட்டி சொன்னதே சரி. சறுக்கிப் போனவர் ஏன் வழுக்கினார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. துங்கநாத் சிவன் கோயில் குளிர்காலத்துக்கு நடை சாத்தி, உற்சவமூர்த்தி கீழே மக்குமட் கிராமத்தில் இருக்கும் பிப்ரவரியில் சோப்தாவிலிருந்து, கோயிலுக்கு மேலேயுள்ள சந்திரசிலா உச்சிக்கு ஏறினேன். 3,680 மீட்டரிலுள்ள கோயிலுக்குப் போகும் கல்பாவிய பாதை பனியில் மூடுண்டு மலைச்சரிவோடு ஒன்றாகிவிட்டிருந்தது. ஓரிடத்தில் கால் நழுவவே காலணியைத் திருப்பிப் பார்த்தேன்: வழுக்காமலிருக்க அடியில் மாட்டும் மைக்ரோஸ்பைக்கின் இரும்புப் பற்கள் தெரியாத அளவுக்குப் பனி கட்டியாக ஒட்டியிருந்தது. இறுகிய பனிக்கும் உறைந்த பாதைக்கும்தான் அது உதவும். ஈரப்பனியில் நாலைந்து அடிக்கொரு முறை ஊன்றுகோலால் தட்டி உதிர்க்க வேண்டும். ஸ்பைக்கோடு உட்கார்ந்து சறுக்கி இறங்கினால் பற்கள் பனியில் மாட்டிக் கணுக்கால் முறியக்கூடும். பனிச்சரிவுகள் (அவலாஞ்ச்) பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வுகளில்தான் கிளம்புகின்றன. ஆகவே கடும் பனிப்பொழிவுக்குப் பின் ஓரிரு நாளாவது அத்தகைய சாய்வுகளைத் தவிர்ப்பதும், வெயிலில் பனி இளகுவதற்குள் இறங்கிவிடுவதும் நல்லது. காலணிக்குள் பனி புகாமல் தடுக்கும் கால் உறையான கெய்ட்டர் இல்லாமல் யாரும் கிளம்பவே கூடாது.

பதில் 3
முதல் பதிவர் தன் கையைப் பற்றி எழுதினார். நீங்கள் காலணியைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டீர்கள். அந்தச் சறுக்கலுக்கு ஸ்பைக்தான் காரணம் என்று இங்கிருந்தபடி எப்படித் தீர்மானித்தீர்கள்?

எனக்கு நடந்தது சிறியது. கேதார்கந்தாவிலிருந்து இறங்கும்போது, ஒரு பைன் மரத்தை ஒட்டிக் கால் வைத்தேன். மரத்தடியில் பனி இறுகாமல் பொலபொலவென்று கிடந்ததால் தொடைவரை இறங்கிவிட்டது. இழுத்தால் ஷூ உள்ளேயே தங்கிவிடும் என்று என்னைத் தடுத்த வழிகாட்டித் தம்பி, கையுறைகளைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் தோண்டி, நாடாவைத் தடவிக் கண்டுபிடித்துக் காலை விடுவித்தார். சாங்க்ரியில் விடைபெறும்போது நான் கூடுதலாகக் கொடுத்த பணத்தில் பாதியைத் திருப்பித் தந்துவிட்டார். தொகை அதிகம் என்று நினைத்தாரா, அந்த வேலைக்கு விலை பேசியதாக நினைத்தாரா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.