சட்டம் இயற்றுபவருக்குக் கல்வித் தகுதி வேண்டுமா?
(வினாக்குறி, தராசுமுள், அடிக்குறிப்பு என்ற புனைபெயர்களில் மூவர் நடத்தும் விவாதம்)

வினாக்குறி:
1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய ராஜேந்திர பிரசாத், அரசியலமைப்பு நிறைவேறும் வேளையிலும் தமக்கு இரண்டு வருத்தங்கள் உண்டு என்றார். அவற்றுள் ஒன்று, சட்டத்தைச் செயல்படுத்துபவரிடமும் அதற்குத் துணைநிற்பவரிடமும் உயர்ந்த தகுதிகளைக் கேட்கும் நாம், அதை இயற்றுபவருக்கு மட்டும் தேர்தலில் வென்றால் போதும் என்று விட்டுவிட்டோம் என்பது. நிலை இன்றும் மாறவில்லை. இளநிலை உதவியாளர் பணிக்குப் பத்தாம் வகுப்பும் போட்டித் தேர்வும் கேட்கிற அரசு, அந்த உதவியாளர் கோப்பில் மேற்கோள் காட்டும் சட்டத்தை ஆக்குபவரிடம் வயதையும் குடியுரிமையையும் தாண்டிப் பெரிதாக எதையும் கேட்பதில்லை. பட்டம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தம் மேசைக்கு வரும் மசோதாவைத் தாமே படித்துப் பொருள் கொள்ளும் அளவுக்கு, பள்ளியிறுதி வரையிலாவது, படிப்பு வேண்டும் என்கிறேன். உடனே காமராசரை அழைத்து வருவீர்கள் என்பது தெரியும். பள்ளியை விட்ட பின்னும் கற்பதை விடாத ஒருவரைக் காட்டி, எதையுமே கற்க விரும்பாத பலருக்கு நுழைவுச் சீட்டுக் கொடுப்பது அவருக்கே செய்யும் அநீதி.

தராசுமுள்:
காமராசரை நீங்களே அழைத்து வந்துவிட்டதால் எனக்கு அந்த வேலை மிச்சம். நான் ஹரியானாவிலிருந்து தொடங்குகிறேன். ஊராட்சித் தேர்தலில் போட்டியிடப் பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எட்டாம் வகுப்பு என 2015-இல் அம்மாநிலம் நிர்ணயித்தது. சில பதவிகளுக்கு மட்டும் சிறு தளர்வு இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அந்தச் சட்டத்துக்குக் கையுயர்த்திய சட்டமன்ற உறுப்பினர்களுக்கோ எந்தக் கல்வித் தகுதியும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தகுதி விதி என்பது எப்போதும் கீழே இருப்பவரை நோக்கித்தான் பாய்கிறது. பள்ளிக்கூடம் கட்டித் தராத அரசு, பள்ளிக்குப் போகாத குற்றத்துக்காக ஒரு பெண்ணின் வேட்புமனுவைத் தள்ளுபடி செய்கிறது. ராஜஸ்தான் இதே போன்ற விதியை 2014-இல் கொண்டுவந்து, 2019-இல் தானே நீக்கியது.

பாகிஸ்தானில் 2002-இல் நாடாளுமன்ற வேட்பாளருக்குப் பட்டப்படிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மதப்பள்ளிச் சான்றிதழ்களும் பட்டத்துக்கு ஈடாக ஏற்கப்பட்டன. 2008-இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் அந்த விதியை நீக்கியது. 2010 வாக்கில், உறுப்பினர்கள் பலர் காட்டியது போலிப் பட்டம் என்று அம்பலமாயிற்று. அவைக்கு வந்தது கல்வி இல்லை, சான்றிதழ்தான்.

வினாக்குறி:
போலிச் சான்றிதழ் இருக்கிறது என்பதற்காக மருத்துவருக்குப் பட்டம் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. ஹரியானா விதி தவறான இடத்தில் வைக்கப்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை மேலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் நீங்கள் தொடாமல் விட்ட ஒன்று உண்டு. படிக்க இயலாத உறுப்பினர் யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டும். ஊராட்சித் தலைவராக வென்ற பெண்ணின் நாற்காலியில் கணவர் உட்கார்ந்து கையெழுத்துக்கு இடம் காட்டுவதை நாம் கண்டிக்கிறோம். அதையே ஓர் அமைச்சருக்கு அவருடைய செயலாளர் செய்தால் நிர்வாகம் என்கிறோம். அந்தச் செயலாளருக்கு யாரும் வாக்களிக்கவில்லை. படிக்காதவரைத் தேர்ந்தெடுக்கும் மக்களின் உரிமை, கடைசியில் அதிகாரியின் ஆட்சியாகத்தான் முடிகிறது.

அடிக்குறிப்பு:
மசோதாவை ஆராயும் சட்டமன்றத் தேர்வுக் குழு ஒன்றின் முன் ஒரு சட்டமுன்வடிவை விளக்கச் சென்ற துறை அலுவலர்களில் நானும் ஒருவன். பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. குழுவில் வழக்கறிஞர் ஒருவரும் முதுகலைப் பட்டதாரிகள் இருவரும் இருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுத் தேநீருக்குப் பின் எழுந்துபோனவர்களும் அவர்களே. எட்டாம் வகுப்பைத் தாண்டாத உறுப்பினர் ஒருவர் மட்டும் சட்டமுன்வடிவின் படியை வாய்க்குள்ளேயே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வந்தார். ஒரு பிரிவில் விரலை வைத்து, “முப்பது நாளுக்குள் ஆணை பிறப்பிக்கலாம் என்று போட்டிருக்கிறீர்களே ஐயா, பிறப்பிக்காவிட்டால் மனு கொடுத்தவன் எங்கே போவான்?” என்று கேட்டார். “பிறப்பிக்க வேண்டும்” என்று எழுதாமல் “பிறப்பிக்கலாம்” என்று எழுதியது நாங்கள் வேண்டுமென்றே செய்தது. காலக்கெடு எங்களைக் கட்டிவிடக் கூடாது என்பதே காரணம். அன்று எங்களில் ஒருவரிடமும் நேரான பதில் இல்லை.

தராசுமுள்:
இதற்கு மேல் நான் என்ன சொல்ல! உறுப்பினருக்குத் தெரிய வேண்டியது மனுவோடு வாசலில் நிற்பவனின் நிலைமை. மற்றதைச் சொல்லிக்கொடுக்கலாம், அதற்கான ஏற்பாட்டைத்தான் நாம் கைவிட்டு வருகிறோம். நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்கள் உள்ளன. 15ஆவது மக்களவையின் காலத்தில் பத்தில் ஏழு மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவதில் பத்துக்கு இரண்டுகூட இல்லை. பொறியாளரானாலும் பொருளியல் அறிஞரானாலும், காலையில் கையில் கிடைத்து மாலையில் நிறைவேறும் மசோதாவில் அவருடைய படிப்பு எதைத் திருத்தும்? அப்படியே தவறு கண்டாலும் கட்சித் தாவலைத் தடுக்க 1985-இல் அரசியலமைப்பில் வந்த பத்தாம் அட்டவணை வாயைக் கட்டியிருக்கிறது. கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். பிரிட்டனில் அப்படி மீறுபவரைக் கட்சி விலக்கி வைக்கலாமே தவிர, உறுப்பினர் பதவியைப் பறிக்க முடியாது.

வினாக்குறி:
கொறடா கட்டுப்பாடு தளர வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அது தளரும் நாளில், சொந்தமாக முடிவெடுக்கும் பொறுப்பும் உறுப்பினர் தலையில் விழும். எழுத்துக்கூட்டியாவது படித்ததால்தான் அந்த உறுப்பினரால் “பிறப்பிக்கலாம்” என்ற இடத்தில் விரல் வைக்க முடிந்தது. எழுத்தே தெரியாதவராக இருந்திருந்தால் அந்தப் பிரிவு அவர் கண்ணில் பட்டிருக்குமா? அதனால் என் கோரிக்கையைப் பத்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்கு வேண்டுமானால் இறக்கிக்கொள்கிறேன், கைவிட மாட்டேன். அடிக்குறிப்பு ஐயாவிடம் ஒரு கேள்வி: அந்தப் பிரிவு பிறகு திருத்தப்பட்டதா?

அடிக்குறிப்பு:
இல்லை. அவர் ஆளுங்கட்சி உறுப்பினர். சட்டமுன்வடிவு குழுவிலிருந்து மாற்றமின்றி அவைக்குத் திரும்பியது. குரல் வாக்கெடுப்பு நடந்தபோது நான் அலுவலர் மாடத்தில் இருந்தேன். “ஆம்” என்றவர்களில் அவரும் ஒருவர்.