ஜிப்சம் போட்டா தொட்டி மண்ணு புளிக்குமா?

மஞ்சக்குப்பம் மாடி:
நேத்து ஒருத்தர் வந்து "ஜிப்சம்ல சல்ஃபர் இருக்கு, தொட்டி மண்ணு புளிச்சிடும், ஆர்கானிக்னா சுண்ணாம்புதான்"னு அடிச்சு விட்டுட்டு போயிருக்காரு, படிச்சதுலேர்ந்து எரியுது. ஜிப்சம்ங்கிறது கால்சியம் சல்ஃபேட்டுங்க, சல்ஃபர் பொடி இல்ல. மண்ணோட பிஎச், அதான் அமில-கார அளவு, பெருசா ஏறவும் ஏறாது இறங்கவும் இறங்காது. விருத்தாசலம் பக்கம் கடலைக்கு 45ஆம் நாள் ஜிப்சம் போட்டு மண்ணு அணைக்கிறாங்களே, அந்த நிலமெல்லாம் புளிக்குழம்பாவா ஆயிடுச்சு?

லாஸ்பேட்டை கீரைக்காரன்:
அந்த ஒருத்தர் நான்தான் தம்பி, நேராவே திட்டலாம். சல்ஃபர் இருக்கா இல்லயா, அத சொல்லு.

மஞ்சக்குப்பம் மாடி:
இருக்குண்ணே. நூத்துக்கு 18 கிட்ட, கால்சியம் 23. ஆனா தனி சல்ஃபர போட்டாதான் பாக்டீரியா அத அமிலமாக்கும். இது ஏற்கனவே சல்ஃபேட் ஆனது, அதுக்கு மேல ஆக ஒண்ணுமில்ல.

லாஸ்பேட்டை கீரைக்காரன்:
இருக்குல்ல? அவ்ளோதான் கேட்டேன்.

முதுநகர் அக்கா:
மொதல்ல சுண்ணாம்புன்னா எதுப்பா? வெத்தலைக்கு தடவுறதா, கிளிஞ்சல இடிச்ச தூளா? எங்க வீட்டுக்காரர் சுட்ட சுண்ணாம்ப மிளகா தொட்டியில கொட்டி நாலே நாள்ல வேர் வெந்துபோச்சு.

லாஸ்பேட்டை கீரைக்காரன்:
அளவு தெரியாம போட்டா அப்படித்தான். எங்க புதுச்சேரி கோரிமேட்டு செம்மண்ணுக்கு சுண்ணாம்புதான் சரி, கடலூர்க்காரங்க உங்களுக்கு மண்ணு பத்தி என்ன தெரியும்.

மஞ்சக்குப்பம் மாடி:
ஓஹோ. எங்க போர் தண்ணிய கொதிக்க வச்சா பாத்திரத்து அடியில வெள்ளையா கெட்டியா சுண்ணாம்பு படியுது, கரண்டியால சுரண்டணும், அந்த தண்ணிய தினம் ஊத்துற தொட்டிக்கு மேல சுண்ணாம்பும் போட்டா இரும்புச்சத்து கெடைக்காம கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும், போன வருஷம் என் செம்பருத்திக்கு அதான் ஆச்சு. சுண்ணாம்புக்கு பதிலா முட்டை ஓடு போடலாம்ங்கிற கதையும் வேணாம், ஒரு வருஷம் கழிச்சு தொட்டிய கவுத்தேன், ஓடு அப்படியே இருக்கு, உள்பக்க தோல்தான் காணோம்.

புதுசா வந்தவன்:
ஜிப்சம்னா சீலிங் அடிக்கிறதுதானே சார்?

லாஸ்பேட்டை கீரைக்காரன்:
நல்லா கேட்டீங்க தம்பி. உரக் கம்பெனில கழிவா வர்றதும் ஜிப்சம்தான், அதயும் ஆர்கானிக்னு போடுவாரு இவரு.

மஞ்சக்குப்பம் மாடி:
நான் வாங்குறது ராஜஸ்தான்ல வெட்டி எடுக்கிறது.

லாஸ்பேட்டை கீரைக்காரன்:
மூட்டையில எழுதியிருக்கா?

மஞ்சக்குப்பம் மாடி:
அத விடுங்க. புளிக்குமா புளிக்காதா? சல்ஃபேட் வேற சல்ஃபர் வேற, எத்தன தடவ சொல்றது?

லாஸ்பேட்டை கீரைக்காரன்:
18னு நீயே சொன்ன.

முதுநகர் அக்கா:
என் மிளகா தொட்டிய என்ன பண்றது?

மஞ்சக்குப்பம் மாடி:
இருங்கக்கா. அண்ணே, தை மாசம் நீங்க குடுத்த கத்திரி விதை ஒண்ணுகூட மொளைக்கல, அப்பவே தெரிஞ்சிருக்கணும் எனக்கு.

லாஸ்பேட்டை கீரைக்காரன்:
ஜிப்சம் போட்டிருப்ப.