கியோட்டோவில் ஒரே நாள்: கிங்காகுஜி வேண்டுமா, வேண்டாமா?

புதுப்பயணி: தங்கல் ஒசாகாவில், கியோட்டோவுக்கு ஒரே நாள்தான். ஃபுஷிமி இனாரி, கியோமிசு தெரா, கிங்காகுஜி (தங்க மண்டபம்) மூன்று கோயில்களையும் பார்க்க முடியுமா? அறுபது தாண்டிய இருவர் கூட வருகிறார்கள். 700 யென் பஸ் பாஸ் வாங்கினால் போதுமா?

ரயில்பித்தன்: அந்தப் பாஸை 2024 மார்ச்சோட நிறுத்திட்டாங்க. இப்போ இருக்கறது 1100 யென் சப்வே-பஸ் பாஸ். அதுல ஒசாகா-கியோட்டோ தனியார் கெய்ஹான் ரயிலும் போகாது, ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) ரயிலும் போகாது. உங்களுக்கு ஐ.சி. கார்டே (பணம் ஏத்தி வெச்சுத் தட்டிப் போற அட்டை) லாபம்.

மூணும் முடியும், வரிசையை மட்டும் மாத்துங்க. கியோமிசு காலை 6 மணிக்கே திறக்குது. கிங்காகுஜி 9 முதல் 5. ஃபுஷிமி இனாரிக்குக் கதவே கிடையாது, 24 மணி நேரமும் போகலாம், கட்டணமும் இல்லை. அதனால அதைக் கடைசிக்குத் தள்ளுங்க. எல்லாரும் காலையில அங்கேதான் ஓடுறாங்க.

நிதானம்: வரிசை சரி. நடுவில் கிங்காகுஜியைச் செருகுவதுதான் தவறு. மற்ற இரண்டும் ஊரின் கிழக்கு, தெற்குப் பக்கம். அது வடமேற்கு மூலை. கியோமிசுவுக்குப் பக்கத்து கியோன் பகுதியிலிருந்து போய்வர ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. அங்கே போனாலும் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். குளத்தைச் சுற்றி ஒருவழிப் பாதை, நாற்பது நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். அதுவும் 1950இல் எரிந்து 1955இல் மறுபடி கட்டியது.

ரயில்பித்தன்: மறுபடி கட்டினதுன்னு ஒதுக்கினா ஜப்பான்ல எதைப் பார்ப்பீங்க? கியோமிசுவோட 13 மீட்டர் மரமேடையே 1633ல எழுப்பினதுதான். இசே சன்னதியை 20 வருஷத்துக்கு ஒருமுறை புதுசாவே கட்டுறாங்க. மரம் எவ்வளவு பழசுன்னு அங்கே யாரும் பார்க்கிறதில்லை.

கிங்காகுஜி போகிற வழியிலதான் பலரும் கோட்டை விடுறாங்க. கியோட்டோ ஸ்டேஷன்லேருந்து நேர் பஸ் ஏறாதீங்க, நெரிசல்ல மாட்டிக்குவீங்க. சான்ஜோ கெய்ஹான் ஸ்டேஷன்ல சப்வே தோசாய் லைன் ஏறி, கராசுமா ஒய்கேல மாறி, கிதாஓஜில இறங்குங்க. அங்கேருந்து 204 இல்ல 205 பஸ், கிங்காகுஜி-மிச்சி நிறுத்தம். பின்கதவுல ஏறி, முன்கதவுல 230 யென் கட்டி இறங்கணும். நெரிசல்ல கடைசி வரிசையில உட்கார்ந்தா இறங்குறதுக்குள்ள நிறுத்தம் தாண்டிடும்.

நிதானம்: வழி சரிதான், ஐயா. ஆனால் இரண்டு மாற்றம், ஒரு பஸ், திரும்பவும் அதே கூத்து. அறுபது தாண்டியவர்களுக்கு இதை எழுதிக் கொடுக்கலாமா? கியோமிசு ஏற்றமே அவர்களுக்கு ஒரு வேலை. கெய்ஹான் கியோமிசு-கோஜோ நிலையத்தில் இறங்கினால் இருபத்தைந்து நிமிடம் மேடேற வேண்டும்.

அந்த நேரத்தைச் சான்ஜூசாங்கென்தோ என்ற பௌத்தக் கோயிலுக்குக் கொடுங்கள். கெய்ஹான் ஷிசிஜோ நிலையத்திலிருந்து சமதரையில் ஏழெட்டு நிமிட நடை. 120 மீட்டர் நீள மண்டபத்தில் ஆயிரத்தொரு கன்னோன் (கருணையின் போதிசத்துவர்) சிலைகள். 1249ஆம் ஆண்டுத் தீயில் தப்பிய 124 சிலைகளும் அவற்றில் உண்டு. முன்வரிசையில் நிற்கும் 28 காவல் தெய்வங்களில் பல நம்மூரிலிருந்து பௌத்தத்தோடு போனவை. கருடன் அங்கே குழல் ஊதிக்கொண்டு நிற்கிறார்! செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும்; படம் எடுக்கத் தடை. மாலை 5க்கு மூடுவார்கள், நவம்பர் 16 முதல் மார்ச் வரை 4க்கே; அதற்கு முன்பே டிக்கெட் நின்றுவிடும்.

தோரிவாசல்: இடையில் ஒன்று. மாலை இனாரி என்றால் மேலே ஏறாதீர்கள். மலை 233 மீட்டர்தான், ஆனால் முழுச் சுற்று இரண்டு மூன்று மணி நேரம், பெரும்பாலும் படிகள். இருட்டினால் மேல் பாதையில் வெளிச்சம் குறைவு, தேநீர்க் கடைகளும் மூடியிருக்கும். பெரியவர்களுக்கு சென்போன் தோரி (வரிசையாக நிற்கும் சிவப்பு வாசல்கள்), அதன் முடிவில் உள்ள ஒகுஷா சன்னதி வரை போதும். கால் தெம்பு உள்ளவர்கள் பாதி மலையில் உள்ள யோட்சுட்சுஜி சந்திப்பு வரை போகலாம், முக்கால் மணிக்குள் எட்டும்.

ஜே.ஆரில் போனால் நாரா லைனில் லோக்கல் மட்டும். மியாகோஜி ரேப்பிட் என்ற வேக ரயில் இனாரி நிலையத்தில் நிற்காது. அவசரத்தில் ஏறினால் ரொக்குஜிசோவில்தான் இறங்குவீர்கள். கெய்ஹான் லிமிடெட் எக்ஸ்பிரஸும் ஃபுஷிமி இனாரியில் நிற்காது, தம்பபாஷி நிலையத்தில் மாற வேண்டும்.

இன்னொன்று: இரண்டு முறை வணங்கி, இரண்டு முறை கைதட்டி, மறுபடி வணங்குவது இனாரி போன்ற ஷின்டோ கோயிலில். கியோமிசுவில் கைதட்டாதீர்கள், அது பௌத்தக் கோயில்.

ரயில்பித்தன்: சான்ஜூசாங்கென்தோ அருமையான இடம், மறுக்கலை. ஆனா கேட்டவர் கிங்காகுஜின்னு பேர் சொல்லிக் கேட்டிருக்கார். கிதாஓஜிலேருந்து டாக்ஸி வெச்சா பஸ் தொல்லையே இல்லை. மூணு பேர் பங்கு போட்டா கை கடிக்காது.

நிதானம்: டாக்ஸி என்றால் என் எதிர்ப்பில் பாதி போச்சு. ஆனாலும் நவம்பர் இலையுதிர் வாரங்களிலும் ஏப்ரல் சகுரா (செர்ரிப் பூ) காலத்திலும் சாலையில் டாக்ஸியும் பஸ்ஸும் ஒரே வேகம்தான். புதுப்பயணி, எந்த மாதம் போகிறீர்கள்?

புதுப்பயணி: நவம்பர் மூன்றாம் வாரம்.

நிதானம்: அப்படியானால் சான்ஜூசாங்கென்தோ.

ரயில்பித்தன்: காலை 6க்கு கியோமிசு வாசல்ல நின்னா, 9க்கு கிங்காகுஜி வாசல்ல நிக்கலாம். அப்போ சாலை அவ்வளவு மோசமா இருக்காது. நான் இன்னும் அதையேதான் சொல்வேன்.